ஹம்தியைத் தேடும் சொற்கள்

ரௌதாவின் வலைப்பூவுக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கனவுக்குப் பலன் தேடி வந்தவர்கள். ஒரு பதிவில், 'நேற்று என் தம்பி கனவில் வந்தான், கால்கள் ஈரமாக இருந்தன' என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். கெய்ரோவிலிருந்து காசாபிளாங்கா வரைக்கும் யாருடைய கனவில் எவன் ஈரக்காலோடு வந்தாலும், தேடுபொறி அவர்களைக் கையைப் பிடித்து இவள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. யார் என்ன தேடி வந்தார்கள் என்பதை அவள் தினமும், தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் திறந்து பார்ப்பாள். 'கனவில் கடல் வீட்டுக்குள் வருவது', 'கல்யாணமான பெண் கனவில் மீன் கண்டால்' என்று இருக்கும். மீனைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை. அல்ஜீரியாவிலிருந்து ஒரு அம்மாள் பின்னூட்டம் போட்டிருந்தாள்: 'நல்ல கனவு தங்கச்சி, உனக்குப் பணம் வரும்.'

ரௌதா பணத்துக்காக எழுதவில்லை. தம்பிக்காக எழுதினாள். போன கோடை முடிகிற நேரத்தில், ஆலிவ் பறிப்பு தொடங்கும் முன்னே, ஹம்தி சொந்த ஊரான ஜர்ஜீஸ் கரையிலிருந்து இத்தாலிக்குப் படகேறினான். வீட்டில் சொன்னது ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் பெயிண்ட் அடிக்கும் வேலை என்று. படகு போய்ச் சேர்ந்ததாகவும் சேதி இல்லை, கவிழ்ந்ததாகவும் சேதி இல்லை. அந்தப் படகில் போன பையன்களின் வீடுகளெல்லாம் இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவளுடைய உம்மா மன்னூபியாவுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. மகன் இத்தாலியில் ஜெயிலில் இருக்கிறான். போன் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். "பாஸ்தாதான் போடுவாங்களாம். காரம் இல்லாம அந்தப் புள்ளை எப்படித்தான் தின்னுதோ" என்று அரிசா மிளகாய் விழுதை அரைத்துக்கொண்டே சொல்வாள். குளிர்காலம் வந்தபோது கம்பளிச் சட்டை ஒன்று பின்னி, யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்துவிடலாம் என்று மடித்து வைத்திருந்தாள். பெத்த மனம் பித்து என்பார்கள். ஆனால் ஊரில் பாதித் தாய்மாருக்கு அதே பித்து, அதே ஜெயில்.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிறவர்களும் வந்தார்கள். 'உன் தம்பி என் பக்கத்து அறையில் இருந்தான், முன்பணம் அனுப்பினால் பேச வைக்கிறேன்' என்று செய்தி போடுவார்கள். அவன் குரல் எப்படி இருக்கும் என்று ரௌதா கேட்டால் மறுபடி பேச மாட்டார்கள். கனவுக்காரர்களையும் இவர்களையும் கழித்துவிட்டால் அவள் வலைப்பூவில் ஈ, காக்கை கிடையாது.

கடைசியில் அவள் நிஹாலைப் பார்க்கப் போனாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது கடற்கரை ஓட்டல்களுக்கு இணையப் பக்கம் எழுதுகிறாள். ஜெர்மனியில் எவனோ குளிரில் விறைத்துக்கொண்டு 'வெயில், அமைதியான கடல், குழந்தைகளுக்கு ஏற்ற இடம்' என்று தட்டினால், அவன் கண்ணில் முதலில் படுவது அவள் ஓட்டலாகத்தான் இருக்கும். அதுதான் அவள் பிழைப்பு. அதே கடல்தான்.

நிஹால் வலைப்பூவை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாள். 'என் கண்ணின் ஒளியே', 'நீ இல்லாத வீட்டில் ரேடியோவும் பாடுவதில்லை', 'அல்லாஹ் உன்னைத் திருப்பித் தருவான்'. படிக்கப் படிக்க அவளுக்கே மூக்கு அடைத்துக்கொண்டது. ஆனால் தொழில்காரி.

"நல்லாத்தான்டி எழுதியிருக்க. யாரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி எழுதியிருக்க."

"பேரு போட்டிருக்கேன், ஊரு போட்டிருக்கேன், போட்டோ போட்டிருக்கேன். இன்னும் என்னத்தைப் போட?"

"உனக்கு யாரு வரணும்? அதைச் சொல்லு முதல்ல."

"தம்பியைப் பார்த்தவன் வரணும்."

"அவன் என்னன்னு தட்டுவான்?"

"ஹம்தின்னு..."

"பேரு தெரிஞ்சவன் எதுக்குடி தேடணும்? தம்பியே சொல்லியிருப்பான், அக்கா நம்பர் இதுன்னு. அவன் நேரா உனக்கு போன் பண்ணியிருப்பான்." நிஹால் குரலை இறக்கினாள். "பேரு தெரியாதவன்தான் தேடுவான். கண்ணால என்ன பார்த்தானோ அதைத்தான் தட்டுவான்."

ரௌதாவுக்குப் புரிந்துவிட்டது. பேரைக் கேட்டும் சொல்ல முடியாத நிலையில் ஹம்தியைப் பார்த்தவன். அவன் தேடுவது ஒரு தம்பியை அல்ல, கரையில் ஒதுங்கிய ஒரு மய்யித்தின், ஒரு பிணத்தின் சொந்தக்காரர்களை. இத்தனை மாதமும் அவள் உயிரோடு இருப்பவனைக் கூப்பிடும் சொற்களையே எழுதிக்கொண்டிருந்தாள். அந்தச் சொற்களை உலகத்தில் யாரும் தேடப்போவதில்லை.

"வேணாம்னா விட்டுரு" என்றாள் நிஹால். "நான் தொழில் புத்தியில சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத."

"நீ சொன்னது சரிதான்" என்றாள் ரௌதா. அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். 'ஆண், இருபதுகளில்' என்று தொடங்கினாள். அடுத்து என்ன? இடது புருவத்தில் தழும்பு, சைக்கிளில் விழுந்தது. முன்பல் ஒன்று ஓரம் உடைந்தது. தழும்பும் முகமும் கடலில் எத்தனை நாளைக்கு இருக்கும் என்பது கடலோரத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா? துணிதான் நிற்கும். எல்லோரும் துணியை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஆனால் ஹம்தி என்ன துணியில் போனான்? அவன் கிளம்பியபோது யாரும் பார்க்கவில்லை. இருட்டோடு ஸ்ஃபாக்ஸ் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பான், விடிந்து பார்த்தபோது படுக்கை காலி என்றுதான் உம்மா சொன்னாள்.

அவள் தம்பியின் அலமாரியைத் திறந்து எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கத் தொடங்கினாள். மன்னூபியா வந்து நின்றாள்.

"என்ன தேடுற?"

"அன்னைக்கு என்ன போட்டிருந்தான்னு பார்க்கிறேன் உம்மா."

"எதுக்கு?"

"எழுதணும்."

மன்னூபியா அவள் கையிலிருந்த பேண்ட்டைப் பிடுங்கினாள். "எழுதி? யாருக்கு எழுதப்போற? மய்யித்துக்குத்தான்டி துணியைச் சொல்லித் தேடுவாங்க! என் புள்ளை உசுரோட இருக்கான். போய் வாயைக் கழுவு. கையையும் கழுவு."

கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வாப்பா தைய்யிபுக்குச் சத்தம் கேட்டது. அவருக்கு இப்போதெல்லாம் பேச்சு ஒன்றுதான். "அவனை எவன் ஏத்திவிட்டானோ அவன் வீடு விளங்காது" என்றார் அங்கிருந்தே. "படகுக்காரனோ, தரகனோ, காசு கொடுத்தவனோ, அவன் பிள்ளை முகத்தை அவன் பார்க்காமப் போகணும். மறுமையில அவன் சட்டையைப் பிடிச்சுக் கேட்பேன்." ஆலிவ் செக்குக்குப் போகும்போதும் வரும்போதும் தொழுகைக்குப் பின்னும் இதையே சொல்வார். மன்னூபியா அலமாரியைச் சாத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ரௌதா ஊகித்து எழுதினாள். நீல ஜீன்ஸ், கறுப்புச் சட்டை, வெள்ளை ஷூ. தலைப்பில் 'கரை ஒதுங்கிய உடல்' என்ற சொற்களை வைத்தபோது, தம்பியைத் தன் கையாலேயே தண்ணீருக்குள் அமுக்கியதுபோல் இருந்தது. பதிவை ஏற்றிவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வலைப்பூவுக்கு வரும் கூட்டம் மாறியது. கனவுக்காரர்கள் குறைந்து, உண்மையாகவே தேடுகிறவர்கள் வந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் இவளைப் போன்றவர்கள். மெத்னீனிலிருந்து, காபெஸிலிருந்து, கிழக்கே எகிப்திலிருந்துகூட. 'என் மகனும் நீல ஜீன்ஸ்தான்', 'என் அண்ணனும் வெள்ளை ஷூதான்'. கடலுக்குப் போகும் பையன்கள் எல்லாம் ஒரே கடையில் உடுத்திக்கொண்டு போனதுபோல் இருந்தது. தேடுகிறவர்களே தேடுகிறவர்களைக் கண்டுபிடித்தார்கள், பார்த்தவன் ஒருவனும் வரவில்லை.

"எல்லாரும் எழுதுற வார்த்தையை எழுதினா எல்லாருக்கும் பின்னாடிதான் நிப்ப" என்றாள் நிஹால் போனில். "கடற்கரைன்னு மட்டும் போட்டா எங்க ஓட்டலே நூறாவது பக்கத்துல கிடக்கும். வேற யாருக்கும் இல்லாத ஒண்ணு வேணும்டி. ஒரே ஒருத்தன் தேடினாலும் நேரா உங்கிட்ட வந்து நிக்கணும்."

"அப்படி ஒண்ணும் எனக்குத் தெரியலையே."

"தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க."

ஒரு நாள் ரௌதா துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. மன்னூபியா எடுத்தாள். மெத்னீனிலிருந்து ஒரு தாய். ரௌதா ஈரக்கையோடு வந்து நிற்கையில் அந்தப் பெண்ணின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது.

"உங்க மக எழுதினதை என் மருமக படிச்சுக் காட்டினா அக்கா. நீங்க கொடுத்துவச்சவங்க, பையன் போட்டிருந்ததாவது தெரிஞ்சிருக்கு. எனக்கு அதுவும் தெரியாது. சொல்லாமப் போயிட்டான் பாவி. நான் பார்த்திருந்தா பிடிச்சு வச்சிருப்பேன்ல? நீங்களும் அப்படித்தானே?"

"ஆமா" என்றாள் மன்னூபியா. "நானும் பார்க்கலை."

போனை வைத்துவிட்டு, திருப்பித் திருப்பி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரௌதா துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தபோதும் உம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"தப்பா எழுதியிருக்க" என்றாள்.

"எது உம்மா?"

"நீல ஜீன்ஸ் இல்லை. பழுப்பு பேண்ட். மேல சாம்பல் கலர் ஜாக்கெட். உள்ளே ரெண்டு பனியன் போடச் சொன்னேன், குளிருமேன்னு. ஷூ வேணாம், கனத்து இழுத்துரும்னு செருப்பு போட்டுட்டுப் போனான்."

ரௌதா துணிவாளியைக் கீழே வைத்தாள்.

"ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் பை இல்லை. நான்தான் தச்சேன். என் மஞ்சப் பூப்போட்ட கவுன் இருந்துதே, நீ பிறந்தப்ப உங்க வாப்பா எடுத்துக் கொடுத்தது, அதைக் கிழிச்சுத் தச்சேன். சுத்திலும் பச்சை நூல். நம்ம வீட்டு நம்பரை ஒரு துணியில எழுதி அதுக்குள்ள வச்சேன். நனைஞ்சா மை போயிரும்னு எனக்குத் தோணலைடி. அதை நூலால தச்சிருக்கணும். எழுதிட்டேன்."

"உம்மா, நீங்களா..."

"கல்யாணத்துக்குப் போட்ட வளையலை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்னு சொன்னேன்ல. நீ அப்புறம் கேட்கவே இல்லை. அதை வித்துத்தான் படகுக்குக் கொடுத்தேன்." மன்னூபியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இங்கேயே கிடந்தா ஒரு நாள் கயித்துல தொங்குவேன்னான். நீ மருந்துக்கடைக்குப் போயிடுவ, உங்க வாப்பா செக்குக்குப் போயிடுவாரு. நான்தான் பகல் பூரா அவன் கழுத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். கயித்துக்குக் கொடுக்குறதை விட கடலுக்குக் கொடுப்போம், கடலாவது பாதிப் பேரைத் திருப்பித் தருதுன்னு நினைச்சேன். அவன் படியிறங்கினதும் பின்னாடியே தண்ணி ஊத்தினேன், திரும்பி வரணும்னு."

அவள்மேல் கோபப்பட ரௌதாவுக்கு எல்லா நியாயமும் இருந்தது. இத்தனை நாள் பொய்யான துணியை ஊரெல்லாம் தேட விட்டவள். மெத்னீன்காரியிடம் சற்றுமுன்கூடப் பொய் சொன்னவள். ஆனால் ஜெயில் ஜெயில் என்று உம்மா ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டு தொங்கினாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. மகன் செத்திருந்தால் கொன்றது அவள்தான் என்று அவளே தீர்ப்பு எழுதிவைத்திருந்தாள். ரௌதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழவில்லை.

"எழுது" என்றாள் மன்னூபியா. "மஞ்சத் துணியில பூ வெள்ளை. நடுவுல சின்னதா சிவப்புப் புள்ளி."

பதில் வந்தது. எல்லைக்கு அப்பால் லிபியக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். கடல் கொண்டுவந்து போடும் உடல்களை எடுத்து அடக்கும் அப்துஸ்ஸலாம் என்பவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு உடலிலும் கண்ட அடையாளங்களை ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இணையத்தில் தட்டித் தேடுவது அவர் வழக்கமாம். 'சகோதரி, சாம்பல் நிற ஜாக்கெட், உள்ளே மஞ்சள் பூத்துணிப் பை, பச்சை நூல். போன வருடத்திலிருந்து இதை எத்தனையோ முறை தேடிவிட்டேன், ஒன்றும் கிடைக்காது. இன்று உங்கள் பக்கம் முதலாவதாக வந்தது. படம் அனுப்பட்டுமா? மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். உடலைப் படம் எடுக்கவில்லை, துணியை மட்டுமே எடுத்தேன்.'

மன்னூபியா படத்தைக் கையால் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியாமல் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "என் தையல்தான்" என்றாள். "மூலையில ரெண்டு முறை குத்தியிருக்கேன் பாரு. பிரியக்கூடாதுன்னு."

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, ஜனாஸா தொழுகை நடத்தித்தான் அடக்கினோம் என்று அப்துஸ்ஸலாம் எழுதினார். அடக்கிய கபரின் மேல் பேர் இல்லை, ஒரு எண் இருக்கிறது, இனி பேர் எழுதிவிடலாம். படகு கிளம்பிய அதே வாரம் கடல் அவனைக் கரையில் போட்டிருக்கிறது. வீட்டில் ஜெயிலுக்குக் கம்பளிச் சட்டை பின்னிய குளிர்காலம் முழுவதும் அவன் அந்த மணலுக்குள் கிடந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இல்லாத உடலுக்குத் தொழுகை நடத்தினார்கள். வீட்டில் துக்கம் கேட்க ஊரே வந்தது. ஆண்கள் பக்கத்தில் தைய்யிப் நெஞ்சில் அடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "யாரு ஏத்திவிட்டான்னு மட்டும் தெரியட்டும். எனக்கு அல்லாஹ் அதை மட்டும் காட்டட்டும்." வந்தவர்கள் ஆமீன் சொன்னார்கள். திரைக்கு இந்தப் பக்கம் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மன்னூபியாவும் உதடு அசைத்து ஆமீன் சொன்னதை ரௌதா பார்த்தாள். அந்த மஞ்சள் துணியைப் பற்றி வாப்பா கேட்டபோது, பழைய ஜாக்கெட், எப்போதோ தைத்தது என்று சொல்லிவிட்டாளாம்.

துக்க நாட்கள் முடிந்து வீடு வெறிச்சோடிய பின் ஒரு மாலை, ரௌதா வலைப்பூவை மூடிவிட உட்கார்ந்தாள். தேடியது கிடைத்துவிட்டது. இனி அதில் என்ன இருக்கிறது? மன்னூபியா வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"மூடிட்டா யாரும் பார்க்க முடியாதா?"

"முடியாது உம்மா."

"என்ன தேடினா எது வரும்னு நீதானே வைக்கிற?"

"நான் வைக்கிறதில்லை. அவங்க என்ன கேட்பாங்களோ அந்த வார்த்தையை நாம எழுதியிருந்தா நம்மகிட்ட வருவாங்க."

"நான் கேட்டேன்" என்றாள் மன்னூபியா. "அவன் போறதுக்கு முந்தின நாள். நீ குளிக்கப் போயிருந்த. உன் போனை எடுத்து, நீ பேசித் தேடுவியே, அது மாதிரி கேட்டேன். ஜர்ஜீஸ்ல நாளைக்குக் கடல் எப்படின்னு. கடல் அமைதி, காத்து குறைவுன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் சரி போன்னேன்."

ரௌதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடை மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. கடற்கரையெங்கும் எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார் அதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

"அப்படிக் கேட்கிறவங்க இங்க வரணும்" என்றாள் உம்மா. "அந்த வார்த்தையை வை."

"வச்சா நம்ம பக்கத்தோட பேரு கண்ணுல படும். ஆனா திறக்க மாட்டாங்க உம்மா. அவங்களுக்கு வேண்டியது காத்தும் அலையும்."

"திறக்க மாட்டாங்கதான். நானே திறந்திருக்க மாட்டேன்."

"திறக்காமலே ரெண்டு வரி தெரியும். தலைப்புக்குக் கீழ. போன் அதை வாசிச்சும் காட்டும்."

"ரெண்டு வரி போதும். நான் சொல்றேன், நீ எழுது." மன்னூபியா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், யாரோ படம் எடுக்கப் போவதுபோல. "அன்னைக்கும் கடல் அமைதியாத்தான் இருந்துச்சு. என் மகனை நான்தான் அனுப்பினேன்."

ரௌதாவின் கை நின்றது. "உம்மா, ஊரே படிக்கும். வாப்பாவும் படிப்பாரு."

"என் பேரையும் போடு. மன்னூபியா, ஹம்தியோட உம்மான்னு."

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தைய்யிப் செக்கிலிருந்து வந்துவிட்டார். அவர் செருப்பைக் கழற்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே நடந்து வருவது கேட்டது. ரௌதா மடிக்கணினியை மூடப் போனாள். உம்மாவின் கை அதற்குமுன் வந்து திரையைப் பிடித்துக்கொண்டது.

"நிறுத்தாத" என்றாள். "எழுது."